அப்பா என்ன வேலை பார்த்தார்?

அன்புள்ள சார்,

என் அப்பா சென்ற மாதம் நாகர்கோவிலில் காலமானார். எழுபத்தைந்து வயது. இஸ்ரோவின் தும்பா ராக்கெட் மையத்தில் இளம் பொறியாளராகச் சேர்ந்து, அதன் வலியமலை மையத்தில் ஓய்வுபெற்றவர். இந்தியாவின் முதல் செயற்கைக்கோள் ராக்கெட்டான எஸ்எல்வி-3 காலத்திலிருந்தே வால்வுகள் சம்பந்தப்பட்ட பிரிவில் இருந்தார். வேலையைப் பற்றி வீட்டில் பேசமாட்டார். முதலாண்டு நினைவு நாளுக்கு ஒரு சிறிய மலர் கொண்டுவர நினைக்கிறோம். 1979-ல் அந்த ராக்கெட் தோற்றபோது இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் பழியைத் தான் ஏற்றுக்கொண்டு, திட்ட இயக்குநர் கலாமைக் காப்பாற்றிய நிகழ்ச்சியிலிருந்து ஆரம்பிக்கலாமா? அப்பாவும் அப்போது ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்தார். ‘எளிமையானவர், நேர்மையானவர், குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்’ என்று உறவினர்கள் சொன்னதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். பேரப்பிள்ளைகளுக்காக ஆங்கிலத்திலும் போடலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அப்பாவின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். ஆங்கிலத்தில் போடுவது உங்கள் விருப்பம். தவான் கதையில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள். அது பெரிய மனிதர் ஒருவரின் பெருந்தன்மை, எத்தனையோ மேடைகளில் சொல்லியாகிவிட்டது. உங்கள் அப்பா அதில் எங்கே இருக்கிறார்?

என்னைத் தூங்கவிடாமல் செய்தது உங்கள் கடிதத்தின் வேறொரு வரி. ‘வால்வுகள் சம்பந்தப்பட்ட பிரிவு.’ ஒரு மனிதர் வாழ்நாள் முழுக்கச் செய்த வேலைக்கு அவர் பெற்ற பிள்ளையிடம் இருப்பது இந்த மூன்று சொற்கள்தானா?

1979 ஆகஸ்ட் 10 அன்று என்ன நடந்தது என்று தேடிப் பார்த்தீர்களா? எஸ்எல்வி-3 ராக்கெட் 22 மீட்டர் உயரம், 17 டன் எடை. முதல் கட்டம் ஒழுங்காக எரிந்து முடிந்தது. இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு சரியாக மூடிக்கொள்ளாததால் ராக்கெட்டைத் திருப்பி நிலைநிறுத்தத் தேவையான நைட்ரிக் அமிலம் ஒழுகிப் போயிருந்தது. ராக்கெட் நிலை தடுமாறி, கிளம்பிய 317-வது நொடியில் வங்கக் கடலில் விழுந்தது. காரணம் ஒரு வால்வு! உங்கள் அப்பா வால்வுகளோடு வாழ்ந்தவர். அந்த வால்வுக்கும் அவருக்கும் சம்பந்தம் உண்டா என்றுகூட நீங்கள் அவரிடம் கேட்டதில்லை. அடுத்த ராக்கெட் 1980 ஜூலை 18-ல் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் விட்டது. இடையில் பதினோரு மாதங்கள். அந்த மாதங்களில் அவர் எதைக் கழற்றினார், எதைச் சோதித்தார், எதை வேண்டாம் என்று ஒதுக்கினார்? மலரின் முதல் பக்கம் அதுதான்.

என் தாய்மாமா மகேந்திரகிரியில் இருந்தார். பணகுடிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில், திரவ எரிபொருள் என்ஜின்களைத் தரையில் கட்டிவைத்து எரித்துப் பார்க்கும் இடம். வீட்டில் கேஸ் சிலிண்டர் மாற்றினால் அவர் வரும்வரை யாரும் அடுப்பைத் தொடக்கூடாது. சோப்புத் தண்ணீரைக் குழைத்து ரெகுலேட்டரின் கழுத்திலும் டியூப் மாட்டும் இடத்திலும் விரலால் தடவுவார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைக் கிட்டே கொண்டுபோய்க் குமிழி வருகிறதா என்று பார்ப்பார். வராவிட்டாலும் எழுந்துவிட மாட்டார். மெல்லக் கசிவது குமிழி விட நேரமாகும் என்பார். அத்தை தோசை மாவோடு காத்து நிற்பாள். ஆபீஸில் அவர் பார்த்த வேலையின் ஒரு துண்டு அது என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று.

1993 செப்டம்பர் 20-ல் முதல் பிஎஸ்எல்வி ராக்கெட் கிளம்பியது. அதன் இரண்டாம் கட்டத்தில் விகாஸ் என்ற திரவ எரிபொருள் என்ஜின். நம்முடைய ஆட்கள் எழுபதுகளில் பிரான்ஸ் போய், வெர்னானில் இருந்து, அவர்களுடைய வைகிங் என்ஜினில் வேலை செய்து கற்றுக்கொண்டு வந்தது. அது அன்றைக்குப் பிசகில்லாமல் எரிந்தது. அதற்கப்புறம், இரண்டாம் கட்டம் பிரியும் நேரத்தில் ராக்கெட் சாய்ந்தது. கணினி நிரலில் இருந்த ஒரு பிழையால் அதை நிமிர்த்த முடியவில்லை. செயற்கைக்கோளோடு கடலில் போயிற்று. மாமா வீட்டுக்கு வந்ததும் அத்தை ஆறுதலாகத்தான் கேட்டாள்: “ஒங்க வேல சரியாத்தானே நடந்துச்சு?” மாமா அவளைப் பார்த்துக் கத்தினார். “ராக்கெட்டு கடலுக்குள்ள கெடக்கு. இதுல என்ன ஒங்க வேல, எங்க வேல?”

அடுத்த வருடம் அக்டோபர் 15-ல் பிஎஸ்எல்வி ஜெயித்தது. அன்றைக்கு மாமா என்ன சொன்னார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லை. தோற்ற அன்று கத்தியது எல்லோருக்கும் ஞாபகமிருக்கிறது. அவர் எப்படிப்பட்டவர் என்று யாராவது கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன். நேர்மையானவர் என்று சொல்லவேண்டிய அவசியமே வராது.

நம் ஊரில் நினைவு மலர் என்றால் மாலை போட்ட படம், ஒரு வெண்பா, பத்துப் பெயரடைகள். வங்கி மேனேஜருக்கும் அதே எளிமை, தலைமையாசிரியருக்கும் அதே நேர்மை. படத்தை மாற்றிவிட்டால் அடுத்த வீட்டுக்காரருக்கும் செல்லும். நாம் அப்பாக்களை இப்படித்தான் இரண்டாம் தடவை எரிக்கிறோம். கோபமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் உண்மை இதுதான்.

‘குடும்பத்துக்காகவே வாழ்ந்தவர்’ என்பதையும் ஒருமுறை யோசியுங்கள். கேம்பெயின் என்று, அதாவது ராக்கெட் ஏவும் வேலைக்கு, ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போனால் இவர்கள் திரும்ப வாரங்கள் ஆகும். அப்போது உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது யார்? அம்மாதானே? அவர் குடும்பத்தையும் நேசித்தார், வேலையையும் நேசித்தார். இரண்டுக்கும் நடுவில் அவர் பட்ட அவஸ்தையை எழுதினால் பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தா கிடைப்பார். அவர் பேசாதது அன்பில்லாததால் இல்லை. கடலில் விழுந்த ஒன்றைச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்திருக்கும். அதற்காக உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம்.

இப்போது செய்யவேண்டியதைச் சொல்கிறேன். ஒரு தாளில் இந்தத் தேதிகளை எழுதிக்கொள்ளுங்கள்: 1979 ஆகஸ்ட் 10. 1987 மார்ச் 24, 1988 ஜூலை 13, இரண்டும் ஏஎஸ்எல்வி ராக்கெட் தோற்ற நாட்கள். 1993 செப்டம்பர் 20. அம்மாவிடம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அப்பா எப்போது வீடு திரும்பினார், சாப்பிட்டாரா, யாருக்குப் போன் போட்டார், உங்களை அடித்தாரா. தேதி சொன்னால் நினைவு வராது. ‘நான் மூணாங்கிளாஸ் படிக்கும்போது’ என்று ஆரம்பித்தால் வரும். அப்புறம் திருவனந்தபுரம் போய் அவருடைய பிரிவில் கூட இருந்தவர்களைப் பாருங்கள். அவர்களுக்கும் எழுபதைத் தாண்டியிருக்கும். போனில் வேண்டாம், நேரில் போங்கள். ஒரு வால்வின் படத்தை வரைந்து காட்டச் சொல்லுங்கள். அந்தப் படத்தையும் மலரில் போடுங்கள்.

எழுதி முடித்ததும் எனக்கு அனுப்புங்கள். நான் திருத்தித் தருகிறேன்.