அப்பாவின் பழைய ட்ரியோவில் உள்ள நம்பர்களை எடுக்க முடியுமா?

கேள்வி: அவிநாசியிலிருந்து எழுதுகிறேன். எங்கப்பா பனியன் கம்பெனி நடத்தியவர், போன வருசம் தவறிவிட்டார். பீரோவில் அவருடைய ட்ரியோ என்கிற பழைய ஸ்மார்ட்போன் கிடைத்தது. 2005 வாக்கில் மாமா சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தது. நிட்டிங்காரர்கள், சாயப்பட்டறை நம்பர், யாருக்கு எவ்வளவு பாக்கி என்கிற குறிப்பு எல்லாம் அதில்தான் எழுதி வைப்பார். இப்போது ஆன் ஆகவில்லை. கோயமுத்தூரில் ஒரு கடையில் காட்டினோம், ரீசெட் போட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாங்க. போன் இன்னும் கடையில் இருந்தால் முதலில் திரும்ப வாங்கிவிடுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.

ரீசெட்டில் இரண்டு வகை உண்டு. சாதாரண ரீசெட் கம்ப்யூட்டரை அணைத்துப் போடுவது மாதிரி, எதுவும் அழியாது. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ரீசெட் செய்தால்தான் ஆபத்து, எல்லாத் தகவலையும் அழிக்கட்டுமா என்று திரையில் கேட்கும். மேல்நோக்கிய அம்புக்குறி பட்டனை அமுக்கினால் சம்மதம் என்று அர்த்தம், அத்தோடு அப்பா எழுதியதெல்லாம் போய்விடும். வேறு எந்த பட்டனை அமுக்கினாலும் அழிக்காமல் விட்டுவிடும். இப்போதைய போன்களையே பார்த்துப் பழகிய பையன்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அவர்கள் மேல் குறை சொல்லவும் முடியாது.

அடுத்து, கையில் இருப்பது ட்ரியோ 600 மாடலா 650 மாடலா என்று பாருங்கள். மொத்த விசயமும் இதில்தான் இருக்கிறது. பின்பக்க மூடி கழன்று பேட்டரி தனியாக வெளியே வந்தால் 650, மூடியே இல்லாமல் ஒரே உடம்பாக இருந்தால் 600. இந்த வகைப் போன்கள் கையடக்க மின்னணு டைரியிலிருந்து வந்தவை. 1994-இல் ஐபிஎம் சைமன், 1996-இல் நோக்கியா 9000 என்று போனையும் டைரியையும் ஒன்றாக்கிப் பார்த்தார்கள், ஆனால் ட்ரியோவின் வேர் அதே 1996-இல் வந்த பாம் பைலட் என்கிற டைரி. அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் பாம் கம்பெனியிலிருந்து கூட்டாளிகளோடு வெளியே போய் ஹேண்ட்ஸ்ப்ரிங் என்ற கம்பெனியை ஆரம்பித்து 2002-இல் ட்ரியோவைக் கொண்டு வந்தார், 2003-இல் இரண்டு கம்பெனியும் ஒன்றாகிவிட்டன. அந்த டைரிகளில் எழுதியது எல்லாம் சாதாரண ராமில்தான் உட்கார்ந்திருக்கும், சார்ஜ் முழுசாக இறங்கினால் அழிந்துவிடும். 600 வரைக்கும் அதே கதைதான். 2004 கடைசியில் வந்த 650-இல்தான் பேட்டரி செத்தாலும் தகவல் நிற்கிற பிளாஷ் நினைவகம் வைத்தார்கள். ஆக, உங்களிடம் இருப்பது 650 என்றால் அப்பா எழுதியது பெரும்பாலும் அப்படியே உள்ளே இருக்கும், தைரியமாக இருங்கள்.

600 என்றால் போனில் எதுவும் மிஞ்சியிருக்காது, ஆனால் அதோடு விட்டுவிடாதீர்கள். கம்பெனியில் டேலியில் கணக்குப் போட்ட பழைய கம்ப்யூட்டர் மூலையில் கிடக்கிறதா பாருங்கள். அப்பா கேபிள் மாட்டி ஹாட்சிங்க், அதாவது போனில் உள்ளதைக் கம்ப்யூட்டரோடு ஒத்துப்போகச் செய்கிற பழக்கம் உள்ளவராக இருந்தால், புரோகிராம் பைல்ஸுக்குள் பாம் அல்லது பாம்ஒன் என்ற பெயரில் ஒரு போல்டரும் அதற்குள் அவர் பெயரில் இன்னொன்றும் இருக்கும். அந்த ஹார்ட் டிஸ்கைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

650-க்கு வருவோம். பேட்டரியைக் கழற்றி மேசையில் படுக்க வைத்து விரலால் ஓரத்தைத் தட்டுங்கள். ஆடினால் வீங்கியிருக்கிறது, அதைத் திரும்பப் போடவோ சார்ஜ் ஏற்றவோ கூடாது, அதே மாடலுக்கான வேறு பேட்டரி தேடுங்கள். சார்ஜர் வாங்கும்போதும் கவனம், 600-இன் சார்ஜர் முனை 650-க்குச் சேராது.

ஆன் ஆனதும் சுலபமான வழி ப்ளூடூத். தொடர்புகளைத் திறந்து, மெனுவில் ஒரு பிரிவை முழுதாக அனுப்புகிற வசதி இருக்கும், உங்கள் ஆண்ட்ராய்டு போனுக்கு அனுப்பினால் நம்பர்கள் வந்துவிடும். மெமோக்களை ஒவ்வொன்றாக அனுப்ப வேண்டியிருக்கலாம், பொறுமை வேண்டும்.

நிறைய இருந்தால் கேபிள்தான் நல்லது. 64 பிட் விண்டோஸில் பாம் டெஸ்க்டாப் என்கிற, ஹாட்சிங்க் செய்யும் மென்பொருள் யூஎஸ்பி வழியாகப் போனோடு பேசாது, அதில் மணிக்கணக்காக மல்லுக்கட்ட வேண்டாம். பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டர் ஓடினால் போதும். ஹாட்சிங்க் பட்டனைத் தொடுவதற்கு முன்னால், அந்த மென்பொருளின் செட்டிங்கில் போனில் இருப்பது கம்ப்யூட்டரில் உள்ளதை மேலெழுத வேண்டும் என்று மாற்றி வையுங்கள். இது தலைகீழாக இருந்தால் வெறும் கம்ப்யூட்டர் வந்து நிறைந்த போனைத் துடைத்துவிடும். லினக்ஸ் தெரிந்த தம்பி யாராவது இருந்தால் பைலட்-லிங்க் என்ற இலவச மென்பொருளில் போனை அப்படியே பேக்கப் எடுத்துத் தருவார், நான் முதலில் அதைத்தான் செய்வேன்.

இன்னொன்று. பாக்கிக் கணக்கு மாதிரி விசயங்களை அப்பா ரகசியப் பதிவாக மறைத்து வைத்திருக்கலாம், அப்படி இருந்தால் பட்டியலில் கண்ணுக்கே தெரியாது. காட்டச் சொன்னால் பாஸ்வேர்டு கேட்கும். தெரிந்ததைப் போட்டுப் பாருங்கள், வரவில்லை என்றால் பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்கிற வழிக்கு மட்டும் போகாதீர்கள். பாஸ்வேர்டை நீக்குவதோடு மறைத்து வைத்த பதிவுகளையும் சேர்த்து அழித்துவிடும்.

எல்லாம் வந்த பிறகு, தொடர்புப் பட்டியலில் பெயருக்கு வலது ஓரத்தில் சின்னத் தாள் படம் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். அதைத் தொட்டால் அந்த ஆளைப் பற்றி எழுதிய குறிப்பு திறக்கும். அதில் தமிழ் எழுத்து கிடையாது என்பதால் அப்பா ஆங்கில எழுத்தில்தான் தமிழை எழுதியிருப்பார், பாக்கி, ஆடி, ரோல் கணக்கு என்று அவருக்கு மட்டும் புரிகிற சுருக்கத்தில். அம்மாவையோ கம்பெனியில் கணக்குப் பார்த்த பழைய ஆளையோ பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.