ரெண்டு டோஸ் போட்டும் கொரோனா வந்ததே, அப்புறம் எதற்கு ஊசி? மாஸ்க்கை ஏன் கழற்றச் சொன்னார்கள்?

வியாசர்பாடியில் இருக்கும் என் பெரியம்மாவும் இதையே கேட்டார்: "ரெண்டு ஊசி போட்டும் காய்ச்சல் வந்துச்சே!" வந்தது உண்மைதான். ஆனால் மூன்று நாள் கஞ்சி குடித்துப் படுத்தவர், நாலாம் நாள் வாசலில் கோலம் போட்டார். தொற்றைத் தடுக்கும் எதிர்ப்பொருள்கள் சில மாதங்களில் குறைந்துவிடும். உருமாறிய கொரோனா வைரஸான ஒமைக்ரான் அவற்றிடமிருந்து பெருமளவு தப்பியது. ஆனால் ஊசியால் உருவான, கிருமியை அடையாளம் நினைவில் வைத்திருக்கும் நினைவு செல்கள் நீண்ட நாள் இருந்து, நோய் முற்றாமல் காக்கின்றன. முழுக் காப்பு இல்லை, உயிராபத்து வெகுவாகக் குறையும்.

பயத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டார். 17ஆம் தேதி இறந்தார். எங்கள் தெருவில் முகாமுக்குக் கிளம்பியவர்கள் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று அந்த அக்டோபரில் மத்திய நிபுணர் குழு சொன்னது. பயம் பரவிய வேகத்தில் அந்தச் செய்தி பரவவில்லை. எனக்கு இன்றும் அது ஆறாத வருத்தம்.

மாஸ்க் விதியை 2022 ஏப்ரலில் தளர்த்தினார்கள். அதே மாதம் சென்னை ஐஐடியில் தொற்று பரவியதும் 500 ரூபாய் அபராதம் திரும்பி வந்தது. "இவங்களுக்கே தெளிவில்லை" என்றார்கள் பலர். பரவல் கூடினால் இறுக்குவதும் குறைந்தால் தளர்த்துவதும் குழப்பமில்லை. அபராதம் இல்லாத நாளிலும், இருமலோடு மின்சார ரயிலில் ஏறினால், தாடையில் தொங்கும் மாஸ்க்கை மூக்குக்கு மேலே ஏற்றிவிடுங்கள்.