90 நாளில் 61 போய்விட்டது

கேள்வி: நான் மதுரை, இந்து. என் கணவர் ஜெர்மன் குடிமகன், கிறிஸ்தவர். ஒரு வருட இ-டூரிஸ்ட் விசாவில் வந்தார். ஐப்பசியில் எங்கள் தெருக் கோயிலில் தாலி கட்டினார். அப்பா அன்றிலிருந்து பேசுவதில்லை. என் 40 பவுன் நகையும் படிப்புச் சான்றிதழ்களும் அவரிடமே இருக்கின்றன. சித்தப்பா மிரட்டுகிறார். விசாவை மாற்றப் போன இடத்தில் கோயில் ரசீதைப் பார்த்துவிட்டு, 'இது செல்லாது' என்று அவமானப்படுத்தி அனுப்பினார்கள். அப்பா மீதும் அந்த அதிகாரி மீதும் புகார் கொடுக்கலாமா? கணவர் இங்கேயே தங்க என்ன வழி? இல்லை, நானே ஜெர்மனிக்குப் போய்விடவா?

பதில்: அந்த அதிகாரி பேசிய விதம் தவறாக இருக்கலாம். சொன்ன விஷயம் சரி. உங்கள் கடிதத்தில் சட்டம் பார்க்கும் இடம் ஒன்றுதான்: உங்களுக்குச் சட்டப்படி இன்னும் திருமணம் ஆகவில்லை.

இந்து திருமணச் சட்டம், 1955 இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்கு மட்டுமே. தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்துக்காகச் சேர்த்த 7-ஏ பிரிவும் அப்படித்தான். ஒருவர் கிறிஸ்தவராக இருந்து இந்து முறைப்படி நடந்த திருமணம் செல்லாது என்று உச்ச நீதிமன்றமே 2008-ல் சொல்லிவிட்டது. தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தின்படி சான்று வாங்கிவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். செல்லாத திருமணத்தை அந்தப் பதிவு செல்லுபடியாக்காது.

உங்களுக்கு வேண்டியது சிறப்புத் திருமணச் சட்டம், 1954. ஏற்கெனவே சடங்கு முடிந்து சேர்ந்து வாழ்கிறவர்கள் 15-ஆம் பிரிவில் பதிவு செய்யலாம். ஆனால் அந்தப் பிரிவில் விண்ணப்பத்துக்கு முந்தைய 30 நாளும் இருவருமே அந்த மாவட்டத்தில் தங்கியிருக்க வேண்டும். விண்ணப்பித்த பிறகு, ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று அலுவலகப் பலகையில் ஒட்டும் அறிவிப்புக்கு இன்னொரு 30 நாள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். நீங்கள் அனுப்பிய விசாத் தாளில் ஒவ்வொரு வருகைக்கும் 90 நாள் என்று போட்டிருக்கிறது. விசா ஒரு வருடம் என்பது உள்ளே வந்து போவதற்கான காலம், தங்குவதற்கானது அல்ல. கடவுச்சீட்டு முத்திரைப்படி இன்று 61-ஆம் நாள். மிச்சம் 29. அறிவிப்புக்கு வேண்டியது 30. நாளைக் காலையே போனாலும் இந்த வருகைக்குள் கையெழுத்து விழாது.

என்னிடம் வருகிறவர்கள் வழுக்கி விழும் இடம் இதுதான். 'விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, யார் கேட்கப் போகிறார்கள்' என்று 91-ஆம் நாளும் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். திருமண விண்ணப்பம் நிலுவையில் இருப்பது தங்குவதற்கான அனுமதி ஆகாது. 2025 செப்டம்பர் முதல் நடைமுறையில் உள்ள குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டத்தில் காலம் கடந்து தங்கினால் 3 ஆண்டு வரை சிறை, 3 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிடப் பெரிய அடி பிறகு வரும். குடியுரிமைச் சட்டம் காலம் கடந்து தங்கியவரை 'சட்டவிரோதக் குடியேறி' என்கிறது. இந்தியரை மணந்து 7 ஆண்டு இங்கே வாழ்ந்தவருக்குப் பதிவு மூலம் குடியுரிமை கேட்கும் உரிமை உண்டு. சட்டவிரோதக் குடியேறிக்கு அந்த வாசல் அடைப்பு.

இரண்டாவது பள்ளம், மதமாற்றச் சான்று. புரோக்கர் ஒருவர் உங்களிடமும் வருவார்: 'மாப்பிள்ளை தாலி கட்டுவதற்கு முன்பே இந்துவாகிவிட்டார் என்று ஒரு சான்று போட்டுத் தருகிறேன்.' அப்படி ஒரு ஜோடியின் கோப்பை நான் கையில் வாங்கினேன். சான்றில் 9-ஆம் தேதி. மாப்பிள்ளையின் கடவுச்சீட்டில் விமான நிலைய முத்திரை 14-ஆம் தேதி. நாட்டுக்குள் கால் வைப்பதற்கு 5 நாள் முன்பே இங்கே மதம் மாறியிருக்கிறார்! அந்தத் தாளை அதற்குள் விசா விண்ணப்பத்தோடு இணைத்தும் விட்டார்கள். அதற்கு மேல் அந்த விண்ணப்பத்தை என்னால் காப்பாற்ற முடியவில்லை. அந்தப் பெண் தலைப்பிரசவத்தைக் கணவர் பக்கத்தில் இல்லாமல்தான் பார்த்தாள். இன்னும் எனக்கு அது ஆறவில்லை. தயவுசெய்து அந்த வழிக்குப் போகாதீர்கள்.

செய்ய வேண்டியது இது. கணவர் மதுரையில் 30 நாளுக்கு மேல் இருந்துவிட்டார். அந்தத் தகுதி இப்போது கையில் இருக்கிறது. ஊருக்குப் போய்த் திரும்பினால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். ஆகவே இந்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்தில் இருவரும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுங்கள். அறிவிப்புக் காலம் ஓடட்டும், அவர் ஜெர்மனி போகட்டும். அதே விசாவில் திரும்பி வந்து, மூன்று சாட்சிகளோடு பதிவேட்டில் கையெழுத்திடட்டும். சார்பதிவாளர் 15-ஆம் பிரிவு வேண்டாம், புதிதாகவே திருமணம் செய்துகொள்ளுங்கள் என்றால் வாதாடி நாளைக் கடத்தாதீர்கள். சரி என்று சொல்லுங்கள். அதற்கு உங்கள் ஒருவருடைய 30 நாள் வசிப்பே போதும். அறிவிப்பு 3 மாதம் உயிரோடு இருக்கும்.

இந்தியரை மணந்தவருக்குத் தரும் எக்ஸ்-2 விசா அந்தத் திருமணச் சான்று வந்த பிறகுதான். இ-டூரிஸ்ட் விசாவை நீட்டிக்கவோ வேறாக மாற்றவோ முடியாது என்பதே பொது விதி. ஜெர்மனியில் உள்ள இந்தியத் தூதரகம் வழியாக விண்ணப்பிப்பதே பத்திரம். வெளிநாட்டவர் இங்கே நீண்ட காலம் தங்க உதவும் ஓசிஐ அட்டைக்கு இரண்டு ஆண்டு, அதுவும் பதிவான தேதியிலிருந்து. ஐப்பசி முகூர்த்தத்திலிருந்து அல்ல. நீங்கள் ஜெர்மனி போவதானாலும் கேட்பது இதே சான்றைத்தான். கூடவே பொதுவாக ஏ1 என்ற தொடக்கநிலை ஜெர்மன் மொழித் தேர்வும் கேட்பார்கள். சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் எழுதலாம். காத்திருக்கும் நாளில் படியுங்கள்.

அப்பா விஷயம். அவருக்குப் பிடிக்கவில்லை என்பது சட்டத்தில் ஆட்சேபணையே இல்லை. ஆனால் அறிவிப்புப் பலகையில் உங்கள் பெயர் 30 நாள் இருக்கும். இன்று நீங்கள் நகைக்குப் போலீஸ் புகார் கொடுத்தால், நாளை சித்தப்பா 'மாப்பிள்ளைக்கு அங்கே மனைவி இருக்கிறாள்' என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுப்பார். பொய் என்று நீங்கள் நிரூபிப்பதற்குள் நாட்கள் கரைந்துவிடும். நகை உங்களுடையதுதான், மறுக்கவில்லை. அதற்கான வழக்குக்குக் காலம் இருக்கிறது, கணவருடைய விசாவுக்கு இல்லை. அப்பா மதிக்கும் பெரியவர் ஒருவரை அனுப்பிச் சான்றிதழ்களை மட்டும் கேளுங்கள். 40 பவுன் பேச்சை இப்போது எடுக்கவே வேண்டாம். விட்டுக்கொடுத்தே போய்விடலாம் என்று தோன்றினாலும் நான் தடுக்க மாட்டேன். கணவருக்கு அங்கே மணமாகவில்லை என்று அவருடைய ஊர்ப் பதிவு அலுவலகம் தரும் சான்றை இன்றே கேட்டு வாங்கச் சொல்லுங்கள். சித்தப்பா என்ன எழுதினாலும் அதுதான் பதில்.

விமானச் சீட்டை 90-ஆம் நாளுக்குப் போடாதீர்கள். இறங்கிய நாளையும் சேர்த்து எண்ணி 85-க்குப் போடுங்கள். விமானம் ஒரு நாள் ரத்தானாலும் கணக்குத் தப்பாமல் இருக்கும்.