பத்திர ஆபீஸ் வரை போனவர்

கேள்வி: எனக்கு 27 வயது. அரசு உதவிபெறும் பள்ளியில் ஆசிரியை. போன ஆவணியில் கோயிலில் வைத்துக் கல்யாணம் நடந்தது. இருபது நாளில் கணவர் சிங்கப்பூர் திரும்பிவிட்டார். நான் மாமியார் வீட்டில் இருக்கிறேன். பொங்கலுக்கு மூன்று வார விடுப்பில் வந்தார். மாமியார் பெயரில் மனை வாங்கிப் பத்திரம் பதிந்தது, குலதெய்வக் கோயில் என்று நாள் ஓடிவிட்டது. கல்யாணத்தைப் பதிவு செய்ய நேரம் கிடைக்கவில்லை. ‘வேலையை விட்டுட்டு ரெடியா இரு, விசா பார்த்துக்கலாம்’ என்கிறார். நான் போவதற்கு டிபென்டன்ட் பாஸ் நல்லதா, விசிட் விசாவா? அங்கே வேலை பார்க்கலாமா?
– பெயர் வேண்டாம், தஞ்சை மாவட்டம்.

பதில்: மனைக்குப் பத்திரம் பதிந்தது எந்த அலுவலகத்தில், மகளே? சார்பதிவாளர் அலுவலகம். கல்யாணத்தைப் பதிவதும் அங்கேதான். உங்கள் கல்யாணத்தைப் பதியும் அலுவலக எல்லை வேறு என்றாலும் பக்கத்து ஊர் அலுவலகமாகத்தான் இருந்திருக்கும். டோக்கன் எடுத்து, சாட்சிகளைக் கூட்டிப்போய், அம்மா போட்டோ எடுத்துக் கைரேகை வைக்கும்வரை உன் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்றிருக்கிறார். அந்த மூன்று வாரத்தில் உன்னையும் ஒரு நாள் கூட்டிப்போக முடியவில்லையாம். அதை நீயும் ‘நேரம் கிடைக்கவில்லை’ என்று அவர் வாயால் சொல்வதுபோல் எழுதியிருக்கிறாய். எனக்கு அதுதான் கோபம்.

அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அம்மாவுக்கு மனை வாங்கிக் கொடுப்பது நல்ல பிள்ளை செய்கிற காரியம்தான். ஆனால் கட்டியவளுக்கு ஒரு சான்றிதழ் வாங்கித் தராதவர், அவளை மட்டும் வேலையை விடச் சொல்கிறார். இதை எப்படி ஏற்றுக்கொண்டாய்?

டிபென்டன்ட் பாஸ் என்பது அங்கே வேலை பார்க்கும் கணவரோடு தங்குவதற்கான அனுமதி. அது சட்டப்படியான மனைவிக்குத்தான். திருமணச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பமே நகராது. கல்யாண ஆல்பத்தையும் பத்திரிகையையும் வைத்து ஒன்றும் ஆகாது. விண்ணப்பிக்க வேண்டியது அவருடைய கம்பெனி. அவராகப் போட முடியாது. அவர் எம்ப்ளாய்மென்ட் பாஸிலோ (உயர்நிலை வேலைக்கான அனுமதி) எஸ் பாஸிலோ (நடுத்தர நிலைத் திறன் வேலைக்கானது) இருக்க வேண்டும், நிரந்தர மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் வேண்டும். ஓவர்டைமைச் சேர்த்துக் கணக்குக் காட்ட முடியாது. நிதித்துறை தவிர மற்ற துறைகளில் 2025 ஜனவரி முதல் புதிய எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கே குறைந்தபட்சம் 5,600தான். அதனால் ‘இ.பி.யில் (எம்ப்ளாய்மென்ட் பாஸில்) இருக்கேன்’ என்று அவர் சொன்னால் மட்டும் போதாது. சாதாரணத் தொழிலாளருக்கான ஒர்க் பெர்மிட் என்றால் குடும்பத்தைக் கூட்டிப்போகவே வழியில்லை. இத்தனை நீளக் கடிதத்தில் அவருக்கு எந்த பாஸ், என்ன சம்பளம் என்று ஒரு வரி இல்லை. தெரியாதா, கேட்கப் பயமா?

அங்கே வேலை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறாய். டிபென்டன்ட் பாஸ் இருந்தால் கம்பெனி ஒரு அனுமதிக் கடிதம் வாங்கி உன்னை வேலைக்குச் சேர்த்துக்கொள்ளும் காலம் 2021 மே 1-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. இப்போது உனக்கென்று தனியாக ஒரு வேலை பாஸ் எடுக்க வேண்டும். சொந்தத் தொழில் நடத்துகிறவர்களுக்கு மட்டும் சில நிபந்தனைகளோடு விலக்கு உண்டு. இன்னொன்றையும் தெரிந்துகொள்: உன் பாஸ் அவருடைய பாஸைத் தொட்டுக்கொண்டு நிற்பது. அவர் வேலை போனால் உன்னுடையதும் போகும். உதவிபெறும் பள்ளி வேலையை விட்டுவிட்டு, அந்த நிலையில் ஊர் திரும்பினால், அதே நாற்காலி உனக்காகக் காத்திருக்குமா? ராஜினாமா செய்யாதே. பாஸுக்கு ஒப்புதல் கடிதம் வரட்டும். அப்புறமும் முதலில் சம்பளமில்லா விடுப்புக்கு வழி உண்டா என்று தலைமையாசிரியரிடம் கேள்.

விசிட் விசாவை வைத்துக் குடித்தனம் நடத்த முடியாது. ஆனால் அதற்கும் ஒரு பயன் உண்டு. கோடை விடுமுறையில் கொஞ்ச நாள் போய் அவர் எங்கே தங்குகிறார், ஒரு அறையில் எத்தனை பேர், குடும்பம் வைக்கத் தோதுப்படுமா என்று கண்ணால் பார்த்துவிட்டு வா. புருஷன் பெண்டாட்டி ஒரே கூரையில் இருக்க வேண்டும் என்று நினைக்கிற பழைய ஆள் நான். மாமியாருக்குத் துணையாக விட்டுப்போவதற்கு யாரும் கல்யாணம் செய்வதில்லை. மாமியாரைப் பார்த்துக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெற்ற மகனுக்குள்ள கடமை முழுவதையும் நீ தலையில் ஏற்றிக்கொள்ளாதே.

தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணமான 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் அவகாசம் உண்டு. உனக்கு அது கடந்துவிட்டது. இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதிய இன்னும் வழி இருக்கிறது. இந்த வாரமே சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் என்னென்ன காகிதம் வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு வா. இரவு அவர் போன் செய்யும்போது விசாப் பேச்சை எடுக்காதே. எந்த பாஸ், சம்பளம் எவ்வளவு, பதிவுக்கு எந்தத் தேதியில் வருகிறீர்கள் என்று மூன்றையும் கேள். மாமியாரும் பக்கத்தில் இருக்கட்டும்.