வாசகர் கேள்வி பதில்: காரைப் படமெடுக்கும்போது நேரும் பிழைகள்

கேள்வி: ஆறு மாதங்களாக நண்பர்களின் கார்களைப் படமெடுத்துப் பழகி வருகிறேன். நேரில் மின்னும் கார், படத்தில் திட்டுத் திட்டாக வெளுத்து, அழுக்கேறியதுபோல் தெரிகிறது. கழுவித் துடைத்த பிறகு எடுத்தாலும் இதே நிலைதான். சரியில்லாத படங்களை அவ்வப்போது அழித்துவிடுகிறேன். என் தவறு எங்கே இருக்கிறது?

பதில்: முதலில் அழிப்பதை நிறுத்துங்கள். நீங்கள் அழித்த படங்களில்தான் இந்தக் கேள்விக்கான விடை இருந்தது. டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்தோடும் ஷட்டர் வேகம் (ஒளி உள்ளே விழும் கால அளவு), அப்பர்ச்சர் (லென்ஸ் துளையின் அளவு), ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்), லென்ஸின் குவியத் தூரம், எடுத்த நேரம் ஆகியவற்றையும் பதிந்து வைக்கிறது. கெட்டுப்போன படத்தை இந்த விவரங்களோடு ஒரு வாரம் கழித்துப் பெரிதாக்கிப் பாருங்கள். எடுத்த அன்று கண்ணில் படாதது அப்போது தெரியும்.

உங்கள் கடிதத்திலிருந்து நான் ஊகிப்பது இதுதான்: நீங்கள் காரைப் பார்க்கிறீர்கள், காரில் தெரிவதைப் பார்ப்பதில்லை. வண்ணப் பூச்சின் மேல் நிறமற்ற பளபளப்பான மேற்பூச்சு ஒன்று இருப்பதால், காரின் உடல் முழுவதுமே வளைந்த கண்ணாடியைப்போல் நடந்துகொள்கிறது. மேல்நோக்கிய பானெட் வானத்தைக் காட்டும். நிமிர்ந்து நிற்கும் கதவு எதிரிலுள்ள சுவரையும் மரத்தையும் உங்களையும் காட்டும். நேரில் நாம் நகர்ந்துகொண்டே, இரண்டு கண்களாலும் பார்ப்பதால், மனம் அந்தப் பிம்பங்களை ஒதுக்கிவிட்டுக் காரின் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அசையாத படத்திலோ பிம்பம் காரின் தோலோடு ஒட்டிக்கொண்டு, அழுக்காகவும் வெளுப்பாகவும் தோன்றுகிறது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு கறுப்புக் காரிடம். நடுப்பகலில், மர நிழலில் நிறுத்தி, நாற்பது படங்களுக்கு மேல் எடுத்தேன். எல்லாவற்றிலும் பக்கவாட்டில் வெள்ளைப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. லென்ஸில்தான் கோளாறு என்று நெடுநாள் நம்பியிருந்தேன். பிறகொரு நாள் ஒரு படத்தைப் பெரிதாக்கியபோது, முன்கதவில் என் வெளிர்நிறச் சட்டையும், அகட்டி வைத்த கால்களும், அருகே திறந்து கிடந்த கேமரா பையும் தெளிவாகத் தெரிந்தன. புள்ளிகள் என்று நினைத்தவை இலைகளின் ஊடே விழுந்த வெயில். அன்று முதல், கேமராவை வெளியே எடுக்கும் முன் காரை ஒருமுறை சுற்றி வந்து, ஒவ்வொரு தகட்டிலும் என்ன தெரிகிறது என்று பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். அடர்நிற உடை அணிவதும் அதனால் வந்த பழக்கமே.

திறந்த வெளியில், சூரியன் மறைந்த பின் வரும் 15, 20 நிமிடங்களில் எடுத்துப் பாருங்கள். அப்போது வானமே மென்மையான ஒரு பெரிய விளக்காகி, காரின் தோள்மடிப்பு (ஜன்னல்களுக்குக் கீழே பக்கவாட்டில் ஓடும் மடிப்பு) நெடுக ஒரே கோடாக ஒளி ஓடும். பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸின் முன் பொருத்தும் போலரைசர் ஃபில்டரும் உதவும்; ஆனால் அது ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்) ஒளியைக் குறைக்கும், வெற்று உலோகமான குரோம் பகுதிகளின் பிரதிபலிப்பை அது நீக்காது. அதைச் சுழற்றும்போது முன்கண்ணாடி தெளிந்தால் கதவில் பிம்பம் திரும்பி வரக்கூடும் என்பதால், எந்தப் பரப்பு முக்கியம் என்பதை நீங்களே முடிவு செய்ய வேண்டும். பிரதிபலிப்பு முழுவதையும் நீக்கிவிட்டால் கார் உயிரற்றுப் போகும் என்பது என் கருத்து.

கேள்வி: கைப்பேசியில் எடுத்தால் காரின் முகம் வீங்கியதுபோல் இருக்கிறதே?

பதில்: மிக அருகில் நிற்கிறீர்கள். விரிகோண லென்ஸில் கார் முழுவதையும் அடக்க நெருங்கும்போது, முன்பகுதி பெருத்துப் பின்பகுதி சிறுத்துவிடுகிறது. பின்னால் நகர்ந்து, தொலைவிலுள்ளதை நெருக்கிக் காட்டும் கைப்பேசியின் டெலி லென்ஸையோ, கேமராவானால் 85 மி.மீ. அளவிலான லென்ஸையோ பயன்படுத்துங்கள். முகப்பு விளக்கின் உயரத்துக்குக் குனிந்து, சக்கரத்தின் டயர் அல்லாமல் ரிம் உங்களை நோக்கும்படி ஸ்டியரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள்.

கேள்வி: கறுப்புக் கார் சாம்பல் நிறமாகவும், வெள்ளைக் கார் மங்கலாகவும் வருகின்றன. ஏன்?

பதில்: கேமராவின் ஒளிமானி எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணிக்கிறது. கறுப்புக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்குக் கிடைக்கும் ஒளியை, ஒரு ஸ்டாப் அளவில் குறையுங்கள், வெள்ளைக்குக் கூட்டுங்கள்.

கேள்வி: ஓடும் காரை 1/1000 நொடி ஷட்டர் வேகத்தில் எடுத்தேன். படம் துல்லியமாக இருக்கிறது; ஆனால் கார் நிறுத்தி வைத்ததுபோல் தெரிகிறது.

பதில்: கணக்குப் போட்டால் காரணம் விளங்கிவிடும். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் காரின் சக்கரம், அதன் விட்டம் 60 செ.மீ. எனக் கொண்டால், நொடிக்கு ஏறக்குறைய 9 முறை சுற்றுகிறது. 1/1000 நொடியில் அது திரும்புவது 3 பாகைதான். ஆகவே ரிம்மின் ஆரங்கள் உறைந்து நிற்கின்றன. 1/60 நொடியில் 50 பாகைக்கு மேல் திரும்பிவிடும், ஆரங்கள் ஒன்றோடொன்று கலந்து ஓட்டம் தெரியும். எனவே 1/60 நொடியில் வைத்து, காரோடு கேமராவையும் திருப்பும் பேனிங் முறையில் எடுங்கள். தடுப்புக்கு இப்பால், பாதுகாப்பான இடத்தில் நின்று, படமெடுக்கப்போகும் திசையில் பாதங்களை ஊன்றி, கார் தொலைவில் வரும்போதே இடுப்பிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். ஷட்டரை அழுத்தியவுடன் பலரும் நின்றுவிடுகிறார்கள். கார் கடந்து போகும்வரை திரும்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

தொடக்கத்தில் பெரும்பாலான படங்கள் கலங்கித்தான் வரும். கலங்கியது எப்படி என்று பாருங்கள். கார் முழுவதும் கிடைவாக்கில் இழுபட்டிருந்தால், உங்கள் திருப்பம் காரின் வேகத்தோடு பொருந்தவில்லை. மேலும் கீழுமாகக் கலங்கியிருந்தால், பொத்தானை அழுத்தும்போது கேமரா குலுங்கியிருக்கிறது. ஒரு முனை தெளிவாகவும் மறுமுனை கலங்கியும் இருந்தால், கார் உங்களுக்கு நேர் எதிரே இல்லாதபோது அழுத்தியிருக்கிறீர்கள்.