எடை குறைந்த பிறகுதான் என் உடலை ஏற்றுக்கொள்ள வேண்டுமா?

கேள்வி: டாக்டர், எனக்கு வயது 27. உயரம் 158 செ.மீ., எடை 66 கிலோ. பள்ளி நாட்களிலிருந்தே என் உடம்பைப் பற்றிய கேலியைக் கேட்டு வளர்ந்தவள். காலை உணவை விட்டுப் பார்த்தேன், இரவு உணவை விட்டுப் பார்த்தேன், வெறும் பழச்சாறு குடித்தும் இருந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் நான்கைந்து கிலோ குறைகிறது. சில மாதங்களில் அதற்கு மேலாகவே ஏறிவிடுகிறது. பகல் முழுவதும் பசியை அடக்கிவிட்டு, இரவில் என்னை மீறிச் சாப்பிட்டுவிட்டு அழுகிறேன். சில மாதங்களாக முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, மாதவிலக்கும் தள்ளிப்போகிறது. உன் உடலை அப்படியே ஏற்றுக்கொள் என்கிறாள் என் தோழி. ஏற்றுக்கொண்டால், முயற்சியைக் கைவிட்டதாக ஆகிவிடாதா?

பதில்: ஆகாது. உங்கள் தோழி சொன்னதை ஒரு மருத்துவராக நானும் சொல்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் தொல்லைகளுக்கான சிகிச்சையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று கருதுகிறேன். மெலிந்த பிறகு இந்த உடலை ஏற்றுக்கொள்ளலாம் என்று பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வருகிறீர்கள். வெறுக்கும் உடலுக்கு எவரும் நேரத்துக்கு நல்ல உணவு கொடுப்பதில்லை, தண்டனைதான் கொடுக்கிறோம். அந்தத் தண்டனைக்கு உடல் தரும் பதில்களைத்தான் நீங்கள் கடிதத்தில் வரிசையாக எழுதியிருக்கிறீர்கள்.

இரவில் உங்களை மீறிச் சாப்பிடுவதை மன உறுதிக் குறைவு என்று எண்ணி அழுகிறீர்கள். அது அப்படி அல்ல. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர், உடலும் மனமும் திடமாக இருப்பவர்கள் என்று சோதித்துத் தேர்ந்தெடுத்த 36 இளைஞர்களை, அவர்களின் சம்மதத்துடன் ஏறத்தாழ ஆறு மாதங்கள் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். அவர்களுக்கு நாளொன்றுக்குக் கிடைத்தது சராசரியாக 1,570 கலோரி. நாளெல்லாம் உணவைப் பற்றியே நினைத்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். நாடித்துடிப்பு குறைந்தது, எப்போதும் குளிர்ந்தது, எரிச்சலும் சோர்வும் மிகுந்தன. கட்டுப்பாடு நீங்கியபின் பலர் வயிறு நிறைந்த பிறகும் நிறைவு தோன்றாமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். உணவு குறையும்போது, வயிறு நிறைந்தது என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோன் சரிகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் உயர்கிறது. பகலெல்லாம் காபியில் ஓட்டிவிட்டு, மாலையில் கை நடுங்கி, இரவில் டப்பாவைத் திறந்து நின்றபடியே சாப்பிடும் அந்தப் பத்து நிமிடங்களில் இயங்குவது, உங்களை உயிரோடு வைத்திருக்க உருவான ஏற்பாடு. அதன்மீது கோபப்படாதீர்கள்.

பட்டினியின் முதல் வாரத்தில் குறையும் எடையைப் பார்த்து மகிழ்வதற்கும் அதிகம் இல்லை. தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைக்கப்படும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னுடன் வைத்திருக்கிறது. சேமிப்பு கரையும்போது நீரும் வெளியேறுகிறது, ஒழுங்காகச் சாப்பிட்டதும் இரண்டும் திரும்பிவிடுகின்றன. தொடர்ந்து பட்டினி கிடந்தால் தசையும் கரைகிறது என்பதுதான் எனக்குக் கவலை தருவது.

முடி கொட்டுவதற்கு வருகிறேன். உடலுக்குக் கடுமையான நெருக்கடி வரும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பல ஒரே சமயத்தில் ஓய்வு நிலைக்குப் போய், இரண்டு மூன்று மாதங்கள் கழித்து உதிர்கின்றன. அதனால்தான் பழச்சாறு நாட்களுக்கும் முடி உதிர்வதற்கும் தொடர்பு இருப்பது உங்களுக்குப் புலப்படாமல் போயிருக்கலாம். சீப்பில் வரும் முடியின் அடியில் வெள்ளையாகச் சிறு குமிழ் போல ஒன்று இருப்பதைக் கண்டு, வேரே போய்விட்டது என்று பலர் அஞ்சுகிறார்கள். வேர்ப்பை தோலுக்குள் பத்திரமாகவே இருக்கிறது. காரணம் நீங்கினால் சில மாதங்களில் முடி மீண்டும் வளரும். மாதவிலக்கு தள்ளிப்போவதைச் சற்றுக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும். போதிய ஆற்றல் வராதபோது மூளை சினைப்பைக்கு அனுப்பும் தூண்டுதலைக் குறைத்துக்கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்து, நாளடைவில் எலும்பின் வலுவும் குறைகிறது. ஆனால் தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டி, கருவுற்றிருத்தல் ஆகியவையும் இதே அறிகுறியைத் தரக்கூடும் என்பதால், ஊகத்தில் விட்டுவிடக் கூடாது.

உங்கள் எடையைப் பற்றி நான் பொய்யான ஆறுதல் சொல்லப்போவதில்லை. எடையை உயரத்தோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் உடல் நிறைக் குறியீடு (BMI) உங்களுக்கு 26-க்குச் சற்று மேல். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் 25-க்கு மேல் கூடுதல் எடை. ஆயினும் அந்தக் குறியீடு, 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த கெட்லே என்ற கணித அறிஞர் மக்கள் தொகுதியின் சராசரியை அறிய வகுத்த கணக்கிலிருந்து வந்தது. தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, அது எங்கே சேர்ந்திருக்கிறது என்பதை அது சொல்லாது. உங்கள் இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, இடுப்புச் சுற்றளவு ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால்தான் உங்கள் நலத்தைப் பற்றி ஒரு மருத்துவர் எதையும் சொல்ல முடியும். உடல்வாகில் பெற்றோர் வழி வந்த பங்கும் பெரியது. அதைக் குற்றமாகச் சுமக்க வேண்டியதில்லை.

இனி உணவு. விழித்த ஓரிரு மணி நேரத்துக்குள் காலை உணவு, அதன்பின் நான்கு மணி நேரத்துக்கு மேல் வயிறு காலியாக இராதபடி மதியமும் மாலையும் இரவும் ஏதேனும் ஒன்று என்று சாப்பிடுங்கள். முதல் சில வாரங்களுக்கு இது ஒன்றே போதும். இரவுப் பசியின் வேகம் தணிவதை நீங்களே உணர்வீர்கள். தட்டில் பாதி காய்கறியும் பழமும், கால் பங்கு தவிடு நீக்காத தானியம், மீதிக் கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் போன்ற புரதம் என்று கண்ணளவில் வைத்துக்கொண்டால், கலோரிக் கணக்கு தேவைப்படாது. உங்கள் எடைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 50 கிராம் புரதம் வேண்டும். பழச்சாற்றில் அது மிகமிகக் குறைவு. காய்கறியும் பழமுமாக நாளொன்றுக்கு 400 கிராமாவது உண்ண உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பழத்தைச் சாறாக்காமல் கடித்துத் தின்றால் நார்ச்சத்தும் கிடைக்கும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து, புளிப்பான பழத்தோடு சேரும்போது நன்றாக உறிஞ்சப்படுகிறது. உணவுடன் காபியோ தேநீரோ குடித்தால் குறைந்துவிடுகிறது. எண்ணெயை முற்றிலும் ஒதுக்காதீர்கள். ஏ, டி, இ, கே வைட்டமின்களுக்குக் கொழுப்பு வேண்டும். பிடித்த இனிப்பையும் என்றென்றைக்கும் விலக்கிவிட்டதாகச் சபதம் செய்யாதீர்கள். விலக்கிய பண்டம்தான் நள்ளிரவில் நினைவுக்கு வருகிறது.

ஏற்றுக்கொள்வது என்றால் கண்ணாடியைப் பார்த்து உடனே மகிழ வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த எதிர்பார்ப்பும் ஒரு சுமையாகிவிடும். இப்போதைய அளவுக்குச் சரியாகப் பொருந்தும் உடையை வாங்கி அணியுங்கள். எடை பார்க்கும் கருவியை ஓரிரு மாதங்களுக்குக் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிடுங்கள். ஒழுங்காகச் சாப்பிடத் தொடங்கியதும் நீரால் ஒரு கிலோ கூடுவது இயல்பு, அந்த எண் உங்களை மறுபடி பட்டினிக்குத் துரத்திவிடக் கூடாது. என் எடையைப் பற்றிப் பேச வேண்டாம் என்று வீட்டில் உள்ளவர்களிடம் அமைதியாகச் சொல்லுங்கள். அக்கறையில் பேசுகிறவர்களிடமும் சொல்லலாம், அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நடப்பது, பளு தூக்குவது, ஆடுவது என்று உங்களுக்குப் பிடித்த ஓர் அசைவை, சாப்பிட்டதற்குப் பரிகாரமாக இல்லாமல், வலுவுக்காகச் செய்யுங்கள்.

இந்த வாரமே ஒரு பொது மருத்துவரிடம் சென்று ஹீமோகுளோபின், உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு, இரத்தச் சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மூன்று மாதங்களுக்கு மேல் மாதவிலக்கு வராவிட்டால் மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள். கட்டுக்கடங்காமல் சாப்பிடுவது வாரம் ஒரு முறையேனும் நிகழ்ந்து மாதக்கணக்கில் தொடர்ந்தால் அது பெயருள்ள, சிகிச்சையுள்ள ஒரு நோய். மனநல மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ தயங்காமல் செல்லுங்கள். சாப்பிட்டதை வாந்தி எடுப்பது, பேதி மருந்து உட்கொள்வது, மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தால், அந்த வாரம் வரைகூடக் காத்திருக்காமல் நம்பிக்கையான ஒருவரை அழைத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.