மனை பார்க்க ஐப்பசியில் போங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி மனை பற்றித்தான். காவிரி டெல்டாவில் குறுவை, சம்பா மாதிரி மனை விற்பனையும் ஒரு போகமாகிவிட்டது. சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பாபநாசம் பக்கம் 1,200 சதுர அடி மனை பார்த்திருக்கிறோம். டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் இருக்கிறது. முன்பு நெல் வயலாக இருந்த இடம். மழையில் தண்ணீர் நிற்குமா என்று யாரைக் கேட்பது?

பக்கத்து வயல்காரரைக் கேளுங்கள். புரோக்கரைக் கேட்காதீர்கள். அவர் உங்களைச் சித்திரையில் கூட்டிப் போயிருப்பார். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜனவரி 28-ல் மூடினால் ஜூன் 12 வரை வாய்க்காலில் தண்ணீர் வராது; எந்த மனையும் அப்போது மேட்டு மனைதான். ஐப்பசியில் இரண்டு நாள் அடைமழைக்கு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. அந்த சர்வே எண்ணுக்கும் சுற்றியுள்ள எண்களுக்கும் எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் (நில அளவை வரைபடம்) எடுங்கள். அதில் வாய்க்கால் புறம்போக்கு எங்கே வளைந்து போகிறது என்று பார்த்துவிட்டு, நேரில் அதே இடத்தில் போய் நில்லுங்கள். நம் ஊரில் இரண்டு வகை வாய்க்கால் உண்டு. பாசன வாய்க்கால் வயலைவிடச் சற்று உயரத்தில் ஓடி தண்ணீர் கொடுக்கும். வடிகால் தாழ்வில் ஓடி மிச்சத்தை வெளியேற்றும். மனை போடுகிறவர்கள் "வயலே போச்சு, இனி வாய்க்கால் எதுக்கு?" என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்துத் தூர்த்துவிடுகிறார்கள். வயல் போனது உண்மை, மழை போகவில்லையே.

நான் பார்த்த ஒரு நகரில் நாலு ஆள் அகலத்துக்கு இருந்த வடிகால், தார் சாலைக்கு அடியில் ஒற்றை ஹியூம் பைப்பாக (சிமென்ட் குழாயாக)ச் சுருங்கிவிட்டது. பைப்பின் வாயில் ஆகாயத்தாமரையும் தெர்மோகோல் துண்டும் அடைத்துக் கிடந்தன. மேல்பக்கத்தில் தண்ணீர் முழங்கால் அளவு நின்றது, கீழ்ப்பக்கம் தரை காய்ந்திருந்தது. அந்த நகருக்கும் அங்கீகாரம் இருந்தது. சாலை அகலம், மனை அளவு எல்லாம் காகிதத்தில் விதிப்படி இருக்கிறதா என்று பார்த்துக் கொடுப்பதுதான் அங்கீகாரம். அப்புறம் வந்து வாய்க்காலை என்ன செய்தார்கள் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

மண் அடித்து உயர்த்திக்கொள்ளலாம் என்பார்கள். நீங்கள் இரண்டடி உயர்த்தினால் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். அவர் மூன்றடி உயர்த்துவார். நடுவில் சாலை போடுகிறவர்கள் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுவார்கள். என் வீட்டுக்கு மூன்று படி ஏறிப் போன காலம் உண்டு, இப்போது ஒரு படி இறங்குகிறேன்.

டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று அறிவித்த பிறகும் வயலில் மனை போடுவது எப்படி?

2020-ல் வந்த சட்டம் தடுப்பது வேறு. எண்ணெய், எரிவாயு எடுப்பது, தோல் பதனிடும் ஆலை, செம்பு, அலுமினிய உருக்காலை, கப்பல் உடைப்பு போன்றவை அதன் தடைப்பட்டியலில் உள்ளன. வீட்டுமனை அதில் இல்லை. ஆகவே ஆழ்துளை போட்டு எரிவாயு எடுக்க முடியாத நஞ்சையில் கல் ஊன்றி மனை விற்கலாம்.

என் கருத்தைக் கேட்டால், தஞ்சாவூர் வளர வேண்டிய திசை வல்லம் பக்கத்துச் செம்மண் மேடுதான். பழைய ஊர்களைப் பாருங்கள், நத்தம், அதாவது குடியிருப்பு, மேட்டில் இருக்கும், வயல் பள்ளத்தில் இருக்கும். நாம் அதைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் நகரில் பூங்காவுக்கு இடமே விடவில்லை. கேட்டால் 'தேவையில்லை' என்கிறார்கள். சரியா?

மனைப்பிரிவு 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் சரி. 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேல் போனால், 10 சதவீதத்தைப் பொது இடமாக உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். ஆறு ஏக்கரைச் சிறு துண்டுகளாக்கி 'ஃபேஸ் ஒன்று, ஃபேஸ் இரண்டு' என்று விற்கிற சாமர்த்தியமும் உண்டு. ஊராட்சியில் தானப் பத்திரத்தைக் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வாரி, நடைபாதை, விளக்கு எல்லாம் போட்டார்கள். தண்ணீர் மட்டும் வரவில்லை. ஏன்? (திருவாரூர் மாவட்டம்)

கமலாலயம் என்ற பெரிய கோயில் குளம் இருக்கும் மாவட்டத்திலிருந்து இந்தக் கேள்வி! கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்று சொல்லும் ஊர் திருவாரூர் (வேலி என்பது பழைய நில அளவு). குளத்துக்குச் சமமாக ஓடையையும் எண்ணியிருக்கிறார்கள் பாருங்கள். வரத்து வாய்க்காலும் போக்கு வாய்க்காலும் இல்லாவிட்டால் குளம் வெறும் பள்ளம். தஞ்சாவூரில் சேவப்பநாயக்கன் ஏரித் தண்ணீர் சிவகங்கைக் குளத்துக்கும், அங்கிருந்து நிலத்தடி வழியாக அய்யங்குளத்துக்கும் போனது. உங்கள் குளத்துக்கும் அப்படி ஒரு வழி இருந்திருக்கும், அதன் மேல் யாராவது கடை கட்டியிருப்பார்கள். அடியில் சிமென்ட் போடுகிறோம் என்று யாராவது வந்தால் மட்டும் விடாதீர்கள்.

செப்டிக் டேங்குக்கு உறை (சிமென்ட் வளையம்) இறக்கினால் போதும் என்கிறார் கொத்தனார். (மயிலாடுதுறை)

போதாது. அடி திறந்த உறை செப்டிக் டேங்க் ஆகாது, அது கழிவை மண்ணில் விடும் குழி. மழைக்காலத்தில் உங்கள் பக்கம் நிலத்தடி நீர் கைக்கெட்டும் ஆழத்துக்கு வந்துவிடும். குழியும் அடிபம்பும் கலந்துவிடும். அடியும் சுவரும் பூசிய, அறை பிரித்த தொட்டி கட்டுங்கள். சுத்தம் செய்ய லாரிதான் வர வேண்டும். ஆளை உள்ளே இறக்குவது 2013-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

2028-ல் மகாமகம். கும்பகோணம் தெருக்கள் தாங்குமா?

கூட்டத்தை ஒரு வாரம் சமாளித்துவிடுவார்கள். மீதிப் பன்னிரண்டு வருஷம்தான் கஷ்டம். ஆனால் ஒன்று கவனித்திருக்கிறேன். சந்தெல்லாம் வருஷா வருஷம் குறுகும்போது தேரோடும் வீதி மட்டும் அகலம் குறையாமல் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு நாள் தேர் வந்து முட்டும் என்ற பயத்தில் ஒருவரும் திண்ணையை இழுத்துக் கட்டுவதில்லை. மனுக்கள் போட்டு அலுத்த நாளில், தெருவுக்கு ஒரு தேர் விட்டுவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றும்.